வயிறில்லாத வாத்தியம்

பல்ப்பர் ஓடாத நேரத்தில் பல்பு மங்கக் கூடாது. இது அங்கப்பனுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த எஸ்டேட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஓடைத் தண்ணீரை மறித்துச் சக்கரத்தின்மேல் விழச் செய்கிறவன் அவன். சக்கரத்தையும் டைனமோவையும் தோல் பட்டையால் பூட்டியவனும் அவன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினுக்கும், மேட்டில் இருக்கும் துரையின் பங்களாவுக்கும், டைனமோ அறையை ஒட்டிய தன்னுடைய ஒற்றை அறைக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பதும் அவன் வேலைதான். அன்றைய பழமெல்லாம் உரித்தாகிவிட்டது. மெஷினை நிறுத்தி, கையின் பிசுபிசுப்பைக் கழுவி, அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

பல்பு மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

பட்டை வழுக்குகிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தான். பட்டை விறைப்பாகத்தான் இருந்தது. வெளியே நாகலூர்ப் பள்ளத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி சில்வர் ஓக் மரங்களை முழங்கால் வரை விழுங்கிவிட்டு, தோல் குவித்த குழியின் புளித்த வாடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்திருந்தது. ஓடைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஆனாலும் வெறுங்காலை ஈரக் கல்லில் ஊன்றி நின்றபோது உள்ளங்காலில் ஏதோ துடித்தது. மேட்டிலிருந்து மண்ணுக்குள்ளேயே நடந்து வருவது போன்ற ஒரு முனகல். அது வரும்போதெல்லாம் அவன் அறையில் வெளிச்சம் தாழ்ந்தது.

அப்போது புரிந்தது. அவன் தங்கை புருஷன் காளியண்ணன் மேலே வாசித்துக்கொண்டிருக்கிறான். அங்கே அவன் ஒரு கம்பியைச் சுண்டினால், இங்கே இவன் வீட்டு வெளிச்சத்தில் ஒரு வாய் குறைகிறது.

அங்கப்பனுக்கு வயிறு எரிந்தது. இதை மென்று முழுங்கிச் சொல்வதில் பயனில்லை. அவனுக்குப் பொறாமை. அந்த மழைக்காலம் முழுவதும் அவன் சாப்பிட்டதும் அதைத்தான், படுத்ததும் அதோடுதான்.

எஸ்டேட் துரை ஒரு பியானோப் பைத்தியம். அவரும் இன்னும் சில துரைமாரும் சேர்ந்து கிளப்பில் டான்ஸுக்கு வாசிப்பார்கள். அவர்களில் டபுள் பேஸ் வாசித்தவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். பெரிய பிடில்போல இருந்த அந்த ஆள் உயர வாத்தியத்தைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். டைனமோவின் இரைச்சலைக் கேட்டே சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லுகிறவனுக்குக் காது இருக்கும் என்று துரை அங்கப்பனைக் கூப்பிட்டார். அவனும் கற்றுக்கொண்டான். கரண்டு வேலை முடிந்ததும் பங்களாப் பின்வராந்தாவில் நின்று, அந்தப் பெரிய உடம்பை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, விரல் கொப்புளித்து உடைந்து காய்த்துப் போகும் வரை வாசித்தான். கம்பியைச் சுண்டினால் சத்தம் மரத்தின் வயிற்றில் இறங்கி இவன் வயிற்றில் ஏறும். அந்த நேரத்தில் அவன் மெஷின்காரன் இல்லை. அவன் யார் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அது பிடித்திருந்தது.

கிளப்புக்கு அந்த வாத்தியத்தைத் தலையில் சுமந்து வந்தவன் காளியண்ணன். பங்களாவில் தோட்டக்காரன். சுமையை இறக்கி வைத்துவிட்டு, சமையற்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அங்கப்பனின் இடது கை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்தே கற்றுக்கொண்டான். அது அங்கப்பனுக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

சீமையில் சண்டை வரப்போகிறது என்று துரைமார் பேச ஆரம்பித்த வருஷம், கப்பலில் ஒரு புது வாத்தியம் வந்தது. கரண்டு பேஸ். உடம்பே கிடையாது. ஒரு நெட்டைக் குச்சி, நாலு எஃகுக் கம்பி, கீழே ஓர் இரும்பு முள். குச்சியிலிருந்து ஓர் ஒயர் போய் ஒரு பெட்டியில் சேரும். சத்தம் பெட்டியிலிருந்து வரும்.

துரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "அங்கப்பா, உனக்கு எது வேணும்? நல்லா யோசிச்சு எடு. உனக்குத்தான் முதல்."

அங்கப்பன் குச்சியை எடுத்துச் சுண்டினான். கை இங்கே இருந்தது, சத்தம் அறையின் அந்த மூலையிலிருந்து வந்தது. தன் குரல் வேறொருவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முதுகு சிலிர்த்தது. அதை மறைக்கச் சிரித்தான்.

"இதுக்கு வயிறே இல்லீங்க தொரை. எனக்குப் பெருசே போதுமுங்க."

துரையும் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற தோட்டக்காரனைப் பார்த்து, "நீ வாசிக்கிறயா?" என்றார்.

அடுத்த டான்ஸில் விஷயம் தெரிந்துவிட்டது. பனியில் ஊறிய பெரிய பேஸின் நரம்புக் கம்பிகள் தொய்ந்து தொய்ந்து சுதி இறங்கின. டிரம்மும் அத்தனை ஜோடி பூட்ஸும் தரையில் விழுகிற சத்தத்தில் அங்கப்பன் என்ன வாசிக்கிறான் என்று அவனுக்கே கேட்கவில்லை. காளியண்ணன் குச்சியோடு நின்றதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. துரைசானிமார் திரும்பிப் பார்த்தார்கள். வருஷப் பிறப்பு டான்ஸுக்கு ஒரு பேஸ் போதும், அது காளியண்ணன் என்று துரை சொல்லிவிட்டார். மேடையில் இனி அங்கப்பனுக்கு இடமில்லை. பெரிய பேஸைப் போர்வை போர்த்திப் பழைய சாமான் அறைக்குள் வைத்தார்கள்.

அவனே வேண்டாமென்று தள்ளிவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. பிடுங்கிக்கொண்டான் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

தங்கை பாவாயி சாயங்காலமானால் கைக்குழந்தையோடு அண்ணன் அறைக்கு வந்துவிடுவாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் சிம்னி விளக்குத்தான். இங்கே பல்பு இருக்கிறது. அண்ணனுக்கும் புருஷனுக்கும் சேர்த்து இங்கேயே சமைப்பாள். வெளிச்சம் தாழ்ந்து எழுவதை அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

"பாருங்கண்ணா, உங்க மாப்பள வாசிக்கறது நம்ம ஊட்டுக்குள்ளயே தெரியுது," என்றாள். "இது நின்னுச்சுன்னா கெளம்பிட்டாருன்னு அர்த்தம். நான் ரசத்தச் சூடு பண்ணிருவேன்."

குழந்தை பல்பையே அண்ணாந்து பார்த்து, அது தாழும்போதெல்லாம் தரையைத் தட்டியது. அங்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். சுவரிலும் அவன் நிழல் மங்கி, தெளிந்து, மங்கியது.

ஒரு பகலில், துரை காட்டுக்குள் மேற்பார்வைக்குப் போயிருந்த நேரம், ஒயர் பார்க்கிற சாக்கில் பின்வராந்தாவுக்குப் போனான். படியில் செருப்பைக் கழற்றினான். பங்களாவில் செருப்போடு ஏறுகிற வழக்கம் வேலைக்காரர்களுக்கு இல்லை. குச்சி ஓரமாகச் சாய்ந்திருந்தது. பெட்டியின் சுவிட்சைப் போட்டு, உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவப்பேறுவதைப் பார்த்து நின்று, கம்பியில் விரல் வைத்தான்.

எறும்பு ஊர்ந்தது. விரலிலிருந்து மணிக்கட்டு வரை.

கையை எடுத்தான். அவனுக்கா தெரியாது. பெட்டியின் இரும்பில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குவதற்கு ஓர் எர்த் ஒயர் போட்டிருந்தான். அதில் ஏதோ கோளாறு. வராந்தாவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான். ஜன்னலுக்குக் கீழே புதிதாகக் கொத்திய ரோஜாப் பாத்தியில் ஒயர் மண்வெட்டி பட்டு அறுந்து கிடந்தது. கொத்தியவன் வேறு யார்? வேர் என்று நினைத்திருப்பான். பூட்ஸ் போட்டு நடக்கும் துரைக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. வெறுங்காலோடு கல்லில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

அங்கப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு முனையையும் துடைத்து, முறுக்கக் கையில் எடுத்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். எடுத்தான்.

அப்போது தலைக்கு மேலே வராந்தாவில் காளியண்ணன் வந்து வாசிக்க ஆரம்பித்தான். அந்த இடம் வந்தது. அங்கப்பன் மாதக் கணக்கில் முட்டி மோதி, ஒருமுறைகூடச் சுத்தமாக வராமல் விட்ட வேகமான இறக்கம். காளியண்ணன் அதில் படியிறங்குவதுபோல இறங்கிப் போனான். முடித்துவிட்டுத் தனக்குள்ளேயே ஒரு சிரிப்புச் சிரித்தான்.

அங்கப்பன் இரண்டு முனைகளையும் கீழே வைத்தான். மண்ணைத் தள்ளி மூடினான். உள்ளங்கையால் தட்டிச் சமன்படுத்தினான்.

மேலே ஏறிப் போனபோது காளியண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மச்சான், வாங்க. உங்களத்தான் கேக்கோணும்னு இருந்தனுங்க. கம்பியில கை வெச்சா எறும்பு ஊர்றாப்பல இருக்குதுங்க. ஏனுங்க அது?"

அங்கப்பன் பெட்டியைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். காளியண்ணனின் மண் ஒட்டிய கால்களைப் பார்த்தான்.

"புதுக் கம்பி அப்படித்தான் இருக்கும் மாப்பள. போகப் போகப் பழகிரும்."

"நானும் அதத்தானுங்க நெனச்சேன். நல்லா அமுத்திப் புடிச்சா அத்தன தெரியறதில்லீங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "இந்த டான்ஸு முடியட்டுங்க மச்சான். தொரைகிட்டச் சொல்லி அடுத்ததுக்கு உங்களையே வாசிக்கச் சொல்றனுங்க. எனக்கு நொம்பச் சங்கடமா இருக்குது."

அந்தப் பேச்சு மட்டும் இல்லாதிருந்தால் அங்கப்பன் திரும்பிப் போய் மண்ணைக் கிளறியிருப்பானோ என்னவோ. தலையில் சுமந்து வந்தவன் இப்போது பிச்சை போடுகிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு நாள் சுருக்கென்று பிடித்தால் பயந்து குச்சியைக் கீழே போட்டுவிடுவான், அவ்வளவுதான், அவ்வளவேதான் என்று ஓடைவரை சொல்லிக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகு அவன் பல்பைப் பார்க்காமல் இருந்ததில்லை. சாயங்காலம் வந்தால் எதிரே உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொரு மங்கலிலும் அவன் இடது கை விரல்கள் தொடைமேல் தாமாகவே அழுந்தின. ஒவ்வொரு தெளிவிலும் மூச்சு வந்தது. காளியண்ணன் நாளுக்கு நாள் முன்னேறுகிறான் என்பதை வெளிச்சமே அவனுக்குச் சொன்னது. அழுத்தம் கூடியிருந்தது. தயக்கம் போய்விட்டிருந்தது. சில நேரம் முனகல் நின்ற பிறகும் உள்ளங்காலில் ஏதோ மிச்சமிருந்தது. காலைத் தேய்த்துக்கொள்வான். போகாது.

வருஷப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் காற்றோடு மழை பிடித்தது. துரையும் பட்லரும் சேலத்துக்கு இறங்கியிருந்தார்கள். பின்வராந்தாச் சாவியைத் துரை காளியண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதுவும் அங்கப்பனுக்குக் குத்தியது. ஒருநாளும் அவனிடம் சாவி கொடுத்ததில்லை. மழையால் பழம் பறிக்க ஆளில்லாமல் பல்ப்பர் ஓடவே இல்லை. ஓடையில் செந்தண்ணீர் பொங்கி வந்தது. சக்கரம் முழு வேகத்தில் சுற்ற, அத்தனை கரண்டும் பங்களாவுக்குப் போயிற்று. சக்கரத்துக்கு வரும் தண்ணீரை மறிக்கும் மடைப் பலகையை அங்கப்பன் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை.

பாவாயி குழந்தையைப் பாயில் உட்காரவைத்துவிட்டு உலை வைத்தாள். ஈர விறகு புகைந்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக் கொட்டி, நின்று, மறுபடி கொட்டியது. காற்று தெற்கிலிருந்து அடித்தது. பங்களாவின் பின்வராந்தா தெற்குப் பார்த்தது. சாரல் உள்ளே சுவர்வரை போகும். கல் முழுவதும் நனைந்திருக்கும். இதையெல்லாம் அங்கப்பன் யோசிக்கவில்லை. இதையெல்லாம் அவன் அறிந்திருந்தான்.

பல்பு மங்கியது. தெளிந்தது. குழந்தை தரையைத் தட்டியது.

மங்கியது. தெளிந்தது.

மங்கியது.

தெளியவில்லை.

பல்புக்குள் இழை மட்டும் சிவப்பாக, சுருண்ட புழுப்போலத் தெரிந்தது. அறையின் மூலைகள் காணாமல் போயின. குழந்தை தட்டுவதற்குத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தது. உள்ளங்காலில் முனகல். விட்டு விட்டு வரும் முனகல் இல்லை. ஒன்றே. நிற்காத ஒன்று.

"இன்னிக்கு நீட்டிப் புடிக்கறாருங்கண்ணா," என்றாள் பாவாயி, அடுப்பை ஊதிக்கொண்டே. "கடசியில ஒரே சத்தத்த நீட்டோணும்னு தொரை சொன்னாராமா."

அங்கப்பன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று தெரியாது. மழைக்குள் இறங்கி மடைக்கு ஓடினான். பலகையை இறக்கினால் போதும். தண்ணீர் நிற்கும், சக்கரம் நிற்கும், கரண்டு நிற்கும். பலகையின் பிடியில் இரண்டு கையையும் வைத்தான்.

முனகல் மண்ணிலிருந்து காலேறி, முழங்காலேறி, வயிற்றில் வந்து நின்றது. ஆழமான, முழுசான சத்தம். நடுக்கமே இல்லை. அவன் ஆயுசில் அப்படி ஒரு சத்தத்தை அவன் வாசித்ததில்லை. இவ்வளவு நேரம் ஒரே சுதியில் நிற்க அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை. மேலே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இடத்தில், அந்த மழையில், அவனுக்கு வந்தது பொறாமைதான்.

கை பலகையில் இருந்தது. அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம். தெரியவில்லை. காற்று மேட்டிலிருந்து ஒருமுறை திரும்பி அடித்தது. புளித்த தோல் வாடைக்குள் வேறொரு வாடை. ரப்பர். முடி. அதற்கு அடியில் இன்னொன்று.

பலகையை இறக்கினான்.

தண்ணீர் நின்றது. சக்கரம் ஒரு சுற்று, அரைச் சுற்று, நின்றது. காலில் முனகல் இல்லை. மேட்டைப் பார்த்தான். பங்களா இருட்டு. எஸ்டேட்டே இருட்டு. மழை மட்டும்.

திரும்பினான்.

அவன் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் இருந்தது.

அடுப்பு வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்தான். டைனமோ அறைக்குள் போனான். இருட்டில் தடவினான். பட்டை தொய்ந்து கிடந்தது. டைனமோவின் முதுகில் கை வைத்தான். சூடு இருந்தது. அசைவில்லை. கொஞ்சமும் இல்லை.

கதவைத் தள்ளினான்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. சிவந்த, தாழ்ந்த வெளிச்சம். மங்கியது. மெல்லத் தெளிந்தது. மங்கியது. அவசரமே இல்லாமல்.

"வந்துட்டீங்களா," என்றாள் பாவாயி. "நீட்டி முடிச்சுட்டு மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சுட்டாரு பாருங்க."

"நடுவால அணையலையா?"

"ஏனுங்கண்ணா அணையோணும்?"

அவன் சுவரில் இறங்கும் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினான். தொடவில்லை. தொடுவதற்கு முன்பே எறும்பு ஊர்ந்தது. விரலில். மணிக்கட்டில். முழங்கையில். கையைப் பின்னுக்கு இழுத்தான். வரவில்லை. காலைத் தூக்கினான். வாசற்கல் ஈரமாக இருந்தது. கால் எழவில்லை. வாயைத் திறந்தான். பல்லும் பல்லும் இறுகியிருந்தன. அவன் தாடைக்குள், மங்கும்போது ஒன்று, தெளியும்போது ஒன்று, அந்த முனகல் வாசித்துக்கொண்டிருந்தது.

பாவாயி அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றுப் பானையை இறக்கினாள். புருஷனுக்கொரு வட்டில், அண்ணனுக்கொரு வட்டில் எடுத்து வைத்தாள். ரசச் சட்டியை அடுப்போரம் நகர்த்தி வைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விளக்கு தாழ்ந்து எழுவது நிற்பதற்காக அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.